ஹெரால்டு காரின் பின்சீட்டு

போன மாதம் என் மனைவியோடு பெரம்பலூர் கடைவீதிக்குப் போயிருந்தேன். ஓரமாக ஒரு பேட்டரி கார் நின்றது. வழக்கப்படி குனிந்து அடியில் பார்த்தேன். கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது. பைப் இல்லை, சைலன்சர் பெட்டி இல்லை, பெட்டியைத் தொங்கவிடும் ரப்பர் இல்லை. "அடுத்தவன் வண்டிக்கு அடியில என்னத்தத் தேடுறீங்க? எந்திரிங்க, பாக்குறவங்க என்னமோ ஏதோன்னு நெனைக்கப் போறாங்க" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள். நாற்பது வருடமாக வண்டிகளை அடியிலிருந்தே பார்த்துப் பழகியவன் நான். முகப்பைப் பார்த்து என்ன கார் என்று சொல்லச் சொன்னால் இன்றைக்கும் திணறுவேன்.

பாலுவிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். பாலு என் பட்டறையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன், இப்போது பெரம்பலூரில் சொந்தமாகச் சைலன்சர் கடை வைத்து மூன்று பேருக்குச் சம்பளம் கொடுக்கிறான். "சைலன்சரே இல்லாத வண்டி வந்துருச்சு மேஸ்திரி. நீங்க பாத்த வேலைய எழுதி வைங்க. அந்த ஹெரால்டு கதைய எழுதுங்க" என்றான். பேட்டரி கார் வந்ததில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஊரில் எல்லோருக்கும் பல் நன்றாக இருந்தால் பல் டாக்டர் அழ வேண்டுமா என்ன? ஆனால் ஹெரால்டு கதை நான் தப்புச் செய்த கதை. அதைச் சொன்னதும் அவன், "அதுக்குத்தான் எழுதச் சொல்றேன். சரியா செஞ்சதயெல்லாம் எழுதுனா யாரு படிப்பா?" என்றான். பையன் பேசக் கற்றுக்கொண்டுவிட்டான்.

எனக்குச் சொந்த ஊர் வாலிகண்டபுரம் பக்கம். அப்பாவும் அம்மாவும் கூலி வேலைக்குப் போனவர்கள். பத்தாவதில் கணக்குப் பாடம் என்னைக் கைவிட்டதும், ரெட்டிபாளையம் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் லாரிகளைப் பழுது பார்க்கும் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். மூன்று வருடம் டார்ச் பிடித்தேன், போல்ட் கழுவினேன், டீ வாங்கினேன். நாலாம் வருடம் வெல்டிங் ராடு கைக்கு வந்தது.

அந்தப் பட்டறையின் ஃபோர்மேன் கனி பாய். லப்பைக்குடிக்காட்டுக்காரர். வெள்ளைச் சட்டைதான் போடுவார், சாயங்காலம் வீடு திரும்பும்போதும் அது வெள்ளையாகவே இருக்கும். எப்படி என்று எங்களில் ஒருவனும் கண்டுபிடிக்கவில்லை. எங்களைத் "தம்பி" என்று கூப்பிட்டால் நல்ல நேரம். "சார்" என்று கூப்பிட்டால் தொலைந்தோம். "சார், இது யாரு சார் வச்ச வெல்டிங்கு? கோழி கெளறுன மாதிரி இருக்கே சார்" என்பார். குரலை உயர்த்தவே மாட்டார். அந்தச் "சார்" போதும், அன்றைக்குச் சோறு இறங்காது.

சைலன்சர் மாட்டி முடித்தால் அவர் ஒரு முறை வைத்திருந்தார். எஞ்சினை ஓடவிட்டு, பைப்பின் வால்நுனியை நனைத்த சாக்கால் கொஞ்ச நேரம் அடைப்போம். அவர் சோப்பு நுரையும் பிரஷ்ஷுமாக ஒவ்வொரு ஒட்டிலும் தடவிக்கொண்டே போவார். குமிழி வந்த இடத்தில் ஒழுகல். அதெல்லாம் சரியாக இருந்தாலும் வண்டியை ஓனரிடம் கொடுக்க விடமாட்டார். "செஞ்சவன் ஏறி ஒரு நடை போயிட்டு வா" என்பார். நான் டிரைவர் பக்கத்தில் ஏறி, ஜன்னலில் கையைப் போட்டுக்கொண்டு, கல் குவாரி வரை போய் வருவேன். அது எனக்கு வேலையாகவே தெரியாது, இனாமாகக் கிடைத்த சவாரி. திரும்பி வந்து "சரியா இருக்கு பாய்" என்றால், "மாஷா அல்லா" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்.

பிற்பாடு அரியலூரில் சொந்தப் பட்டறை போட்டேன். லாரி, டிராக்டர், வேன் என்று வருடங்கள் ஓடின. செய்தவன் ஏறிப் பார்க்கும் வழக்கத்தை மட்டும் விடவில்லை.

பட்டறையை மூடிவிட்டு வீட்டில் உட்காரலாம் என்று நான் முடிவு செய்திருந்த வருடம் கலியமூர்த்தி வந்தார். ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரித் தோப்பும் நெல்வயலும் உள்ளவர், என்னைவிட எட்டு, பத்து வயது இளையவர். யாரோ ஒருவரின் கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்த பழைய ஹெரால்டு காரை வாங்கி இரண்டு வருடமாகச் சீர்செய்துகொண்டிருந்தார். எஞ்சின் தயார், பெயிண்ட் தயார், உள்ளே பாலாடை நிறத்தில் புது சீட்டு உறை. சைலன்சர்தான் பாக்கி. பழையது துருவாகி உதிர்ந்துபோயிருந்தது, அந்தக் காருக்கு ரெடிமேடாக எங்கேயும் கிடைக்கவில்லை.

"மேஸ்திரி, எம்பொண்ணு அபிநயாவுக்கு வளைகாப்பு வருது. பெரம்பலூர்ல மாப்ள வூட்டுலேருந்து அவள இந்தக் கார்லதான் பெறந்த வூட்டுக்கு அழைச்சிட்டு வரணும். அதுக்குத்தான் ரெண்டு வருசமா பாடுபடறேன்" என்றார்.

"சத்தம் எப்படி இருக்கணும் சார்?"

"பழைய சத்தம் வேணும்."

"பழைய சத்தம்னா?"

"அத எப்படிச் சொல்றது? காதால கேட்டா சொல்லிருவேன்."

இப்படிப்பட்ட வாடிக்கையாளர்தான் எனக்குப் பிடிக்கும். அந்தக் காரின் முகப்பு மூடி முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். எஞ்சின் கொலுப் பொம்மை மாதிரி சின்னதாக நடுவில் உட்கார்ந்திருந்தது. லாரிக்காரர்கள் பைப் பெரிதாக இருந்தால் வண்டி பிய்த்துக்கொண்டு போகும் என்பார்கள். சின்ன எஞ்சினுக்குப் பெரிய பைப் போட்டால் மெதுவாகப் போகும்போது இழுவை குறையும், சத்தமும் பானைக்குள் பேசுகிற மாதிரி ஆகிவிடும். அதனால் ஒன்றரை இஞ்ச் பைப் போதும் என்றேன். கலியமூர்த்தி துருப்பிடிக்காத எவர்சில்வர் பைப்தான் வேண்டும் என்றார். திருச்சியில் வாங்கி வந்தோம்.

பெட்டிக்கு மூன்று விதம் எடுத்து வைத்தேன். ஒன்று உள்ளே தடுப்புத் தகடு உள்ளது. இன்னொன்று நேர் குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு அடைத்தது. மூன்றாவதும் பஞ்சுதான், ஆனால் நீளமானது. ஒவ்வொன்றையும் கிளாம்ப் போட்டுத் தற்காலிகமாக மாட்டி, பாலு காரை ஓட்டிக்கொண்டு போவான், வருவான். கலியமூர்த்தி ரோட்டோரம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். முதல் பெட்டிக்கு, "தையல் மிசின் மாதிரி இருக்கு" என்றார். இரண்டாவதற்கு, "போலீஸ் பிடிப்பான்" என்றார். மூன்றாவது பெட்டியோடு பாலு வந்தபோது அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. "இதுதான்" என்று மட்டும் சொன்னார். கண்ணோரம் ஈரமாக இருந்தது. நான் பார்க்காத மாதிரி ஸ்பேனரைத் துடைத்தேன்.

அதன் பிறகு என் ராஜ்யம். எஞ்சினிலிருந்து பின் பம்பர் வரை பைப் போக வேண்டிய பாதையில் ஒரு கம்பியை வளைத்து வளைத்து அச்சு எடுத்தேன். அடிச்சட்டத்திலிருந்து இரண்டு விரல் இடைவெளி, பெட்ரோல் டேங்கிலிருந்து நாலு விரல். வளைவுத் துண்டுகளைக் கம்பிக்கு ஏற்றபடி அறுத்து, காருக்கு அடியிலேயே புள்ளி புள்ளியாக ஒட்டிப் பிடிக்க வைத்தேன். பிறகு மொத்தமாகக் கழற்றி, ஓட்டல் பாத்திர ரேக்குகள் செய்யும் பட்டறையில் ஆர்கான் வெல்டிங் வைத்தோம். காரில் வைத்தே முழு வெல்டிங் போட்டால் பைப் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். ரப்பரில் தொங்கவிடும்போது முன்னும் பின்னும் அசைய இடம் விட்டேன், சூடானால் இரும்பு நீளும் அல்லவா?

ஒரே சிக்கல், வால். அந்தக் கார் தரையோடு தாழ்ந்தது. கலியமூர்த்தி வீட்டு வாசலில் சிமெண்ட் சரிவு செங்குத்தாக இருந்தது. பைப்பை பம்பர் வரை நீட்டினால் ஏறும்போது தரையில் இடிக்கும். ஆகவே பின் சக்கரம் தாண்டியதும் வெட்டி, பக்கவாட்டில் திருப்பி விட்டேன். லாரிகளுக்கு அப்படித்தான் செய்வோம். பார்வைக்கும் பைப் வெளியே தெரியாமல் லட்சணமாக இருந்தது. கலியமூர்த்திக்கு ஒரே சந்தோஷம்.

சாக்கு அடைத்து, சோப்பு தடவிப் பார்த்தேன். ஒரு குமிழி இல்லை. பிறகு ஏறிப் பார்க்க வேண்டும். அந்தப் பாலாடை நிற சீட்டைப் பார்த்தேன், என் பேண்ட்டைப் பார்த்தேன். முன்சீட்டில் ஒரு சாக்கை விரித்து, அதன் மேல் நுனியில் உட்கார்ந்து, ஜன்னலை இறக்கிவிட்டு ஒரு நடை போய் வந்தேன். வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு போனது. "சரியா இருக்கு சார்" என்றேன்.

வளைகாப்புக்கு மூன்று நாள் முன்னால் கலியமூர்த்தி போன் செய்தார். சம்பந்தி வீட்டுக்குச் சீர் சாமான் கொடுக்க அவரும் அவர் மனைவி வளர்மதியும் ஹெரால்டில் பெரம்பலூர் போய் வந்தார்களாம். வழி நெடுகக் காரைப் பார்க்கிறவர்கள் கை காட்டினார்களாம். பேச்சோடு பேச்சாக, "எம்பொண்டாட்டிக்குத்தான் குடுத்து வைக்கல மேஸ்திரி. பின்னாடி உக்காந்து வந்தா, தல வலிக்குதுன்னா, எறங்குனதும் வாந்தி. பித்த ஒடம்பு. கல்லு லாரி தூசு தாங்காம கண்ணாடிய வேற ஏத்தி வச்சிருந்தா" என்று சிரித்தார்.

நானும் சிரித்து வைத்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

புகைக்கு வாசனை உண்டு, அதில் கலந்திருக்கும் விஷத்துக்கு வாசனை கிடையாது. ரெட்டிபாளையம் பட்டறையில் மழைக்காக ஷட்டரை இறக்கிவிட்டு எஞ்சினை ஓட்டிய ஒருவன் தலை கனக்கிறது என்றான், குமட்டுகிறது என்றான், தூக்கம் வருகிறது என்று சாய்ந்தான். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துதான் எழுந்தான். அது என் கண்ணால் பார்த்தது. லாரியில் வாலை எங்கே வெட்டினாலும் டிரைவர் முன்னால் இருக்கிறார், புகை பின்னால் போய்விடும். கார் அப்படி இல்லை. ஓடுகிற காருக்குப் பின்னால் காற்று சுழலும், தூசு பின்கண்ணாடியில் ஏறி அப்பிக்கொள்வது அதனால்தான். டிக்கியின் தரையில் ஓட்டை இருந்தால் அந்தச் சுழலில் புகையும் உள்ளே ஏறும். டிக்கிக்கு அடுத்தது பின்சீட்டு. அங்கே நான் உட்கார்ந்து பார்க்கவே இல்லை.

பாலுவிடம் சொன்னேன். "அந்தம்மாவுக்குப் பித்தம்னு அவரே சொல்றாரு. நாமளா போயி எதுக்கு..." என்று இழுத்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு மணி நேரம் நானும் அந்தப் பித்தத்தையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கலியமூர்த்தி ஊர் முழுக்க என் பெயரைச் சொல்லி வைத்திருந்தார். வேலையை விட்டுப் போகிற நேரத்தில் கிடைத்த பெயர். அதன் பிறகுதான் அது உறைத்தது. கர்ப்பிணிக்குத் தலை கனப்பது, குமட்டுவது, தூக்கம் வருவது எல்லாம் இயல்பு. அந்தப் பெண் பின்சீட்டில் சாய்ந்தால் அசதி என்று விட்டுவிடுவார்கள். காரை ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

மறுநாள் காலையில் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, முதல் பஸ்ஸில் ஜெயங்கொண்டம் போனேன். கலியமூர்த்தி வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சார், காரை எடுங்க. ஒரு நடை போயிட்டு வருவோம்."

"வாங்க வாங்க, முன்னாடி ஏறுங்க."

"இல்ல சார். நான் பின்னாடி உக்காரணும். கண்ணாடியெல்லாம் ஏத்தி விட்டுருங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் எடுத்தார். ஏறுவதற்கு முன் என் வெள்ளைத் துண்டை நனைத்துப் பிழிந்து டிக்கியில் விரித்தேன். கங்கைகொண்ட சோழபுரம் சாலையில் போனோம். கோயில் கோபுரம் தூரத்தில் தெரிந்தபோது எனக்குக் கண் எரிந்தது. கோயில் வாசலில் இறங்கும்போது நெற்றியில் யாரோ கல்லை வைத்த மாதிரி இருந்தது. டிக்கியைத் திறந்தேன். துண்டின் ஒரு மூலையில், தரையில் பழைய ஓட்டை இருந்த இடத்துக்கு நேராக, சாம்பல் நிறத்தில் கறை.

"சார், அம்மாவுக்குப் பித்தம் இல்ல. பைப்ப நான் குட்டையா வெட்டிட்டேன். பொகை உள்ள வருது. தப்பு என்னோடது."

கலியமூர்த்தி துண்டையே பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. "நாளன்னிக்கு எம்பொண்ண இதுல ஏத்துறதா இருந்தேன்" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "ஏறிப் பாக்காம வண்டிய குடுக்க மாட்டேன்னு சொன்னீங்களே, பின்னாடி உக்காந்து பாக்கலயா?"

"இல்ல சார்."

"ஏன்?"

"சீட்டு அழுக்காயிரும்னு..."

"நாங்க யாராச்சும் உக்காராதன்னு சொன்னமா?"

"யாரும் சொல்லல சார்."

யாரும் சொல்லவில்லைதான். சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் அது எனக்குள் இருந்தது. என் அப்பா பெரிய வீட்டுக்காரர்களின் வண்டியில் ஏறினால் வால்பக்கம் தொங்கிக்கொண்டுதான் வருவார், உள்ளே இடம் காலியாக இருந்தாலும். எனக்குச் சொந்தப் பட்டறை, சொந்த வீடு, பெண்ணை எஞ்சினியருக்குப் படிக்க வைத்தேன். ஆனாலும் அந்தச் சீட்டைப் பார்த்ததும் சாக்கைத் தேடிய கை என் அப்பாவின் கைதான். அதை நினைத்து அங்கேயே வெட்கப்பட்டேன். கலியமூர்த்திக்கும் என்ன புரிந்ததோ, மேற்கொண்டு கேட்கவில்லை. "என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்றார்.

நேராக அரியலூர் பட்டறைக்கு வந்தோம். பாலு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஜாக்கி வைத்தான். வெட்டிய வாலை எடுத்துவிட்டு, பைப்பைப் பின் சக்கரத்துக்கு முன்னாலிருந்தே உயர்த்தி, காரின் அடித்தகட்டை ஒட்டித் தூக்கிக் கொண்டுபோனேன். அப்படிப் போனால் சரிவில் இடிக்காது. முதலிலேயே செய்திருக்கலாம், இரண்டு வளைவு கூடுதல் வேலை, அவ்வளவுதான். வாலை பம்பர் தாண்டி நாலு விரல் வெளியே நீட்டினேன். டிக்கித் தரையில் ஐந்து ஓட்டைகள் இருந்தன, எல்லாவற்றுக்கும் ரப்பர் மூடி வைத்து, காற்றுப் புகாமல் மேலே மக்குப் பசை பூசினோம். டிக்கிக் கதவைச் சுற்றி வேன் கதவு ரப்பரை ஒட்டினோம். கலியமூர்த்தி ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை நகராமல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் சோதனை ஓட்டத்துக்கு வளர்மதி அம்மா தானே வந்து நின்றார். "வாந்தி எடுத்தவ நானு. என்னைய விட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் என்னத்தப் பரீட்ச பண்ணுவீங்க?" என்று பின்சீட்டில் ஏறி, பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினார். "உக்காருங்கண்ணே." கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பெரம்பலூர் வரை போய் வந்தோம். எனக்குக் கண் எரியவில்லை. அவர் இறங்கி, கையை இடுப்பில் வைத்து நின்று, "பசிக்குது" என்றார். டிக்கியில் துண்டு வைத்தது வைத்தபடி வெள்ளையாக இருந்தது. கோயில் வாசலுக்குப் பிறகு கலியமூர்த்தி அப்போதுதான் சிரித்தார்.

வளைகாப்பு அன்றைக்கு அழைப்போடு ஒரு நிபந்தனையும் வந்தது. "அண்ணே, எம்பொண்ணு ஏறுனா நீங்களும் பின்னாடி ஏறணும்" என்றார் வளர்மதி அம்மா. கோபமாகச் சொன்னாரா, பிரியமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டும் இருந்திருக்கும். புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். கலியமூர்த்தி ஓட்ட, அபிநயாவுக்கு ஒரு பக்கம் அவள் அம்மா, ஒரு பக்கம் நான். அவள் இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல், கன்னத்திலும் கையிலும் சந்தனம். அரியலூரை நெருங்கும்போது கல் லாரிகள் வரிசையாக எதிரே வந்தன. கண்ணாடியை ஏற்றினோம்.

கொஞ்ச தூரத்தில் அந்தப் பெண் கொட்டாவி விட்டாள். கண் சொருகியது. தலை சாய்ந்தது.

"பாப்பா, எந்திரி. பாப்பா! தல கனக்குதா? கொமட்டுதா?" என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். "சார், வண்டிய நிறுத்துங்க" என்று கத்தினேன். ஓரமாக நிறுத்தியதும் ஓடிப்போய் டிக்கியைத் திறந்தேன். பலகாரத் தூக்குகளுக்கு நடுவே நான் விரித்து வைத்த துண்டு வெள்ளையாக இருந்தது. மூக்கை உள்ளே விட்டு மோந்தேன். அதிரச வாசனைதான் வந்தது.

திரும்பி வந்தபோது அபிநயா விழித்துக்கொண்டு என்னை முறைத்தாள். "ஒண்ணும் இல்ல மாமா. ராவெல்லாம் வூட்டுல ஒரே கூட்டம், கண்ண மூடவே விடல. இப்பயாச்சும் தூங்க விடுங்க" என்றாள்.

"தூங்கட்டும்ண்ணே. எனக்குத் தல வலிக்கல பாருங்க" என்றார் வளர்மதி அம்மா.

ஏறி உட்கார்ந்தேன். அவள் மறுபடி சாய்ந்தாள், இந்தத் தடவை என் தோளில். ஜெயங்கொண்டம் வரை நான் அசையவில்லை. அவள் மூச்சு சீராக வந்துபோவதையும், காருக்கு அடியில் அந்த மூன்றாவது பெட்டியின் சத்தத்தையும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டே வந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததும் இல்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்ததும் இல்லை.

வீட்டு வாசலில் சரிவு ஏறியபோது பைப் இடிக்கவில்லை. ஆரத்தித் தட்டோடு பெண்கள் வந்தார்கள். அபிநயா கண்ணைத் திறந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் புதுச் சட்டையின் தோளிலும் மார்பிலும் அவள் கன்னத்துச் சந்தனம் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது.

"அய்யய்யோ, ஒங்க சட்டையெல்லாம் அழுக்காக்கிட்டேனே மாமா" என்றாள்.

"இது அழுக்கு இல்லம்மா. பாத்து எறங்கு" என்றேன்.